திருகோணமலையின் கதைகளைத் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திருகோணமலையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வயதானவர்கள் சொல்லும் கதைகளையும் பாட்டுகளையும் கேட்டுக் கொப்பியில் எழுதிவருகிறோம். இதைக் கேள்விப்பட்டு உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பலர் என்னிடம் கேட்பார்கள். "எங்கட ஊரைப் பற்றிய கதை எங்கே கிடைக்கும்?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுக் குசினியிலிருந்து. புத்தகக் கடைக்கும் நூலகத்துக்கும் பிறகு போகலாம். கடை நாளைக்கும் திறந்திருக்கும். எண்பது வயது அம்மம்மா இன்றைக்குச் சொல்வதை நாளைக்கும் சொல்லுவார் என்பதற்கு உறுதியில்லை.

ஆனால் நேரே போய், "அம்மம்மா, ஒரு நாட்டுப்புறக் கதை சொல்லுங்கோ" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், "எனக்கென்ன கதை தெரியும்? நான் படிச்சனானா?" என்றுதான் பதில் வரும். தான் சொல்வது கதை என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அது அவருக்கு நடந்ததும் கேட்டதும்தான்.

கை வேலையாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒருமுறை தம்பலகாமத்தில் ஓர் ஆச்சி வீட்டில் அரை மணித்தியாலம் வெறும் நலம் விசாரித்தே போய்விட்டது. பிள்ளைகள் பொறுமையிழந்துவிட்டார்கள். ஆச்சி முருங்கையிலை ஆய எடுத்தார். ஒரு பிள்ளையும் பக்கத்தில் குந்திக்கொண்டு ஆயத் தொடங்கியது. நாலு ஈர்க்கு ஆய்ந்திருக்க மாட்டார்கள், "இந்த முருங்கை நிக்கிற இடத்திலதான் முந்தி எங்கட களம் இருந்தது" என்று ஆச்சி தொடங்கினார். சூடடிக்கும் இரவில் யார் பாடுவார்கள், மாட்டை எப்படிக் கூப்பிடுவார்கள், களத்தில் எந்தச் சொல்லை வாயால் சொல்லக்கூடாது, அதற்குப் பதிலாக எதைச் சொல்ல வேண்டும், எல்லாம் வந்தது. களத்தில் நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்களாம், 'பொலி' என்றுதான் சொல்வார்களாம். சொல் தவறினால் விளைச்சல் குறையும் என்ற பயம். ஒரு கீரைக்கட்டு முடிவதற்குள் ஆறு பக்கம் எழுதினோம்.

திருகோணமலைக்கென்று தனியாக இலக்கியம் இருக்கிறதா? எல்லாம் யாழ்ப்பாணமும் தமிழ்நாடும்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப்பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பாடப்புத்தகத்தில் நாலு வரி கூட வராததால் இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்கலாம். திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பதிகம் பாடியிருக்கிறார். அவர் கடல் கடந்து இங்கு வரவில்லை, இராமேசுவரத்திலிருந்து பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆனாலும் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" என்ற அடியைக் கோணேசர் கோயில் இருக்கும் எங்கள் சுவாமிமலையின் விளிம்பில் நின்று சொல்லிப் பாருங்கள். கீழே கடல் இரைகிறது. அலை கரையில் முத்தைக் கொழித்துப் போடுகிறது என்கிறார். சுளகில் அரிசி கொழிக்கும் அதே கொழித்தல்தான். அந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் இன்றைக்கும் சொல்கிறோம். பிள்ளைகளுக்குத் தேவாரத்தைத் தேர்வுக்கு மனப்பாடமாகக் கொடுக்காமல் இப்படி மலைக்குக் கூட்டிப்போய்க் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு கோணேசர் கோயிலைச் சுற்றி எழுந்த நூல்கள் வருகின்றன. கவிராசவரோதயரின் 'கோணேசர் கல்வெட்டு', 'தட்சிண கைலாச புராணம்', 'திருக்கோணாசலப் புராணம்' என்று ஒரு வரிசையே உண்டு. மூதூரைச் சுற்றியுள்ள கொட்டியாரப் பக்கம் மகாவலிக் கரையிலுள்ள கரைசைத் தலத்துக்குத் 'திருக்கரைசைப் புராணம்' இருக்கிறது. அகத்தியர் வழிபட்ட இடம் என்று அதைச் சொல்வார்கள். வெருகல் முருகனுக்குத் தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய 'வெருகல் சித்திரவேலாயுதர் காதல்' இருக்கிறது. தலைப்பைப் பார்த்துச் சினிமாக் காதலை நினைக்க வேண்டாம். தெய்வத்தின் மேல் காதல் கொண்ட பெண்ணின் பாட்டாக வரும் ஒரு பிரபந்த வகை அது. இவற்றில் சிலவற்றை ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றிய வே. அகிலேசபிள்ளையும் இந்த ஊர்க்காரர்தான்.

புது இலக்கியத்துக்கு வந்தால், 1895இல் சென்னையில் வெளியான 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்கிறார்கள். எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, திருகோணமலையில் பிறந்தவர். பெண்களுக்கு உரிமை வேண்டும் என்று 1892இலேயே 'தத்தை விடு தூது' பாடியவரும் இவர்தான். இவருடைய அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளை பழைய நூல்களைப் பதிப்பித்த அறிஞர். ஒன்று சொல்ல வேண்டும். 'மோகனாங்கி' நாயக்கர் காலத் தமிழகத்தில் நடக்கும் கதை. எழுதியவர் எங்கள் ஊர், கதை எங்கள் ஊர் இல்லை. உங்கள் ஊரின் மணலும் மீன்வாடையும் உள்ள கதைதான் வேண்டுமென்றால், மூதூர் வ. அ. இராசரத்தினத்திடம் போங்கள்.

அவருடைய 'தோணி' சிறுகதையை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வாசிக்கிறேன். சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவப் பையனின் கதை. ஒருமுறை கரைவலைத் தொழிலாளி ஒருவருடைய மகன் பின்வாங்கில் இருந்தான். வழக்கமாக வாய் திறக்காதவன். கதை முடிந்ததும் எழும்பி, "டீச்சர், எங்கட அப்பாவும் இப்பிடித்தான் சொல்லுறவர்" என்றான். பிறகு பத்து நிமிடம் அவன்தான் பேசினான். வள்ளம் யாருடையது, வலை யாருடையது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போக மிஞ்சும் பங்கு எவ்வளவு, எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்லித் தந்தான். தன் வீட்டைப் புத்தகத்துக்குள் முதல் தடவையாகக் கண்ட பிள்ளையின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

ந. பாலேஸ்வரியின் நாவல்களையும் தேடுங்கள். பெண்கள் எழுதுவதே அரிதாக இருந்த காலத்தில் இந்த நகரத்திலிருந்து எழுதியவர். கிண்ணியாவின் கவிஞர் அண்ணலைக் கட்டாயம் வாசியுங்கள்.

'கோணேசர் கல்வெட்டு' கோயிலில் வெட்டியிருக்கும் கல்வெட்டா?

இல்லை, அது ஏட்டில் இருந்த நூல். பாட்டும் வசனமும் கலந்து வரும். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலைக் கட்டியது, கோயில் தொழும்புக்கு, அதாவது ஊழியத்துக்கு, ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது, எந்தக் குடி என்ன பணி செய்ய வேண்டும் என்று வகுத்தது ஆகியவற்றை அது சொல்கிறது. அப்படிக் கோயில் பணிக்கு வகுக்கப்பட்ட தானத்தார், வரிப்பத்தார் என்ற பெயர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கும் அந்த நூலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

கல்லில் வெட்டியதைப் பார்க்க வேண்டுமானால் பிரட்ரிக் கோட்டையின் வாசலுக்குப் போங்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். வாசல் கல்லொன்றில் இரண்டு மீனும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியை" என்று தொடங்கும் பாட்டைப் பெரியவர்கள் அந்தக் கல்லைக் காட்டித்தான் சொல்வார்கள். பறங்கி வந்து அதைப் பிரிப்பான் என்று பாட்டு போகும்.

கன்னியா கதையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். எது சரியான கதை?

கேட்டது எல்லாமே சரியான கதைதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இராவணனுடைய தாய் சிவபக்தை, நோயாகிக் கிடக்கிறாள். அவள் கும்பிடுவதற்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளால் வெட்டுகிறான். அந்த வெட்டுத்தான் சுவாமிமலையில் நாம் பார்க்கும் 'இராவணன் வெட்டு'. அதற்குள் தாய் இறந்துவிடுகிறாள். விஷ்ணு ஒரு கிழப் பிராமணராக வந்து, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைகளைக் கன்னியாவில் செய்யச் சொல்லி ஏழு ஊற்றை உண்டாக்குகிறார். அதனால்தான் அங்கே ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஊர்ச்சனம் அங்கே போய் அந்தியேட்டி செய்த வழக்கத்துக்கும் இதுதான் அடி.

சிலர் இராவணன் கேட்டது மலையை அல்ல, இலிங்கத்தை மட்டும்தான் என்பார்கள். சிலர் தாய் இறந்தாள் என்று பொய் சொன்னதே அந்தக் கிழவர்தான் என்பார்கள். மகன் செத்துவிட்டான் என்று கேட்டுத்தான் தாயின் உயிர் போனது என்று சொன்னவர்களும் உண்டு. நான் கேட்ட வரையில், மகனைப் பறிகொடுத்த தாய்மார் இந்தக் கடைசி மாதிரியைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் ஒரு கதையை ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்தால் அவரையும் அவர் வாழ்ந்த காலத்தையும் விளங்கிக்கொள்ளலாம். அதனால், "புத்தகத்தில் அப்படி இல்லையே" என்று யாரையும் திருத்தாதீர்கள். திருத்தினால் அவர் அதோடு நிறுத்திவிடுவார்.

கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின என்ற கதை, குளக்கோட்டனை விரட்ட வந்து அவனையே மணந்த அரசி ஆடகசவுந்தரியின் கதை ஆகியவற்றுக்கும் இதே மாதிரிப் பல வடிவங்கள் உண்டு. எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது என்பதைப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

நாங்கள் மூதூர் முஸ்லிம்கள். மேலே சொன்ன புராணங்கள் எங்களுடையவை இல்லை. எங்களுக்கு என்ன இருக்கிறது?

உங்களுக்கு இரண்டு பெரிய ஊற்றுகள் இருக்கின்றன. ஒன்று இஸ்லாமியத் தமிழ் இலக்கியம். 1572இல் அரங்கேறிய 'ஆயிர மசலா'விலிருந்து அது தொடங்குகிறது. மசலா (கேள்வி பதில்), கிஸ்ஸா (கதை), நாமா (வரலாறு), படைப்போர் (போர்க் கதை), முனாஜாத்து (இறைவேண்டல்) என்று இஸ்லாமியர் தமிழுக்குக் கொடுத்த வடிவங்கள் பல. 'நூறு மசலா'வைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். அரசகுமாரி நூறு கேள்வி கேட்பாள், விடை சொல்கிறவனுக்குத்தான் அவள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். முந்தி இதையெல்லாம் வீட்டில் பெண்கள் கூடியிருந்து இராகத்தோடு படித்தார்கள். உங்கள் மூத்தம்மாவிடம் கேட்டால் இராகம் அவர் தொண்டையில் இன்னும் இருக்கலாம்.

இரண்டாவது கிழக்கு மாகாணத்து நாட்டார் கவி. வயலில் காவல் இருக்கிறவன் பாடியது, மச்சியை நினைத்துப் பாடியது, பிரிவில் பாடியது. இந்தக் கவிகளில் எது தமிழர் பாடியது, எது முஸ்லிம்கள் பாடியது என்று பிரிப்பது பல இடங்களில் முடியாத காரியம். ஒரே வயல் வெளி, ஒரே வாய்க்கால், ஒரே மெட்டு, அழைக்கும் பெயர் மட்டும் மாறும். என் வகுப்பில் மூதூர் முஸ்லிம் பிள்ளையும் சேனையூர்த் தமிழ்ப் பிள்ளையும் ஒரே கவியைக் கொண்டுவந்து, "இது எங்கட ஊர்ப் பாட்டு" என்று இருவரும் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கத்திலும் தமிழ் பேசும் கரையோர வேடர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய சடங்குப் பாட்டுகளும் இந்த மாவட்டத்தின் சொத்துத்தான். அங்கே போவதென்றால் அவர்களில் ஒருவரோடு போங்கள். சடங்குக்குரிய பாட்டைச் சும்மா நேரத்தில் பாடச் சொல்லிக் கேட்பது மரியாதை இல்லை.

இணையத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. நூலகம் தளத்தில் எப்படித் தேடுவது?

பெரும்பாலும் பெயரை எழுதும் விதத்தில்தான் பிழை வருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் பழைய நூல்களில் எங்கள் ஊர்ப் பெயர் ஒரே மாதிரி இருக்காது. திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, திருமலை, கோணைநகர், கோணமாமலை, தட்சிண கயிலாயம் என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தம்பலகாமத்தைத் தம்பலகமம், தம்பைநகர் என்றும் எழுதுவார்கள். வெருகல் வெருகலம்பதி ஆகும். மூதூர் என்று தேடிக் கிடைக்காதது கொட்டியாரம், கொட்டியாபுரம் என்று தேடினால் கிடைக்கும். குச்சவெளி, தென்னமரவாடிப் பக்கத்துக்குக் கட்டுக்குளப்பற்று என்று போடுங்கள். பழைய நிர்வாகப் பிரிவின் பெயர் அது.

இன்னொன்று, என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது. கதைத் தொகுப்புகளைத் தேடுவதை விட்டுவிட்டு மலர்களைத் தேடுங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், பிரதேச சாகித்திய விழா மலர், மரண வீட்டில் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலர். வாழ்த்துச் செய்திகளையும் விளம்பரங்களையும் தாண்டி நடுவில் போனால், ஊரில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர் எழுதிய 'எமது கிராமத்தின் வரலாறு' என்ற எட்டுப் பக்கக் கட்டுரை இருக்கும். குளத்துக்குப் பெயர் வந்த கதை, கோயிலில் முதல் கல் வைத்த கதை, ஊர்க் கூத்தில் யார் எந்த வேடம் கட்டினார் என்ற விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். வேறெங்கும் அச்சில் கிடைக்காது. இந்த மலர்களை வீட்டில் பழைய பேப்பரோடு நிறுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் நான் நின்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

தேவாரம், புராணம் போன்ற பழைய நூல்களுக்கு இணையத்திலுள்ள மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் போதும். அச்சுப் புத்தகம் வாங்க வேண்டுமென்றால் கொழும்பில் பூபாலசிங்கம் புத்தகசாலையிலும் குமரன் புத்தக இல்லத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் ஏதாவது இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. 1660இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் ஒன்று. அவர் பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டுவார்கள். ஹென்றி பார்க்கர் 1910க்கும் 1914க்கும் இடையில் மூன்று தொகுதியாக இலங்கைக் கிராமக் கதைகளை வெளியிட்டார், பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில் திரட்டியவை. அம்மம்மா சொன்ன கதையின் சாயலை அதில் காண்பீர்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடரைப் பற்றி எழுதிய நூலில் கரையோர வேடரைப் பற்றியும் உண்டு. மூன்றும் வெளியார் பார்வை என்பதை மறக்காமல் வாசியுங்கள்.

கதை என்றால் சரி. பாட்டு, நொடி (விடுகதை) இதையெல்லாம் எப்படிச் சேகரிப்பது?

அது நடக்கிற இடத்தில் நின்று சேகரிக்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவை வீட்டுத் திண்ணையில் பாடச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடும். நிலாவெளிப் பக்கம் ஒரு முதியவரிடம் கேட்டபோது, "கயிறு கையில இல்லாம வராது மகள்" என்றார். ஒரு பழைய கயிற்றை மரத்தில் கட்டி மற்ற முனையை அவர் கையில் கொடுத்தோம். சாய்ந்து இழுக்கத் தொடங்கினார், பாட்டும் வந்தது. முன்பாட்டை அவர் பாட, ஏலேலோவைப் பிள்ளைகள் சொன்னார்கள். மூச்சு எங்கே விழுகிறது, அடி எங்கே நீளுகிறது என்பது கயிறு இருந்தால்தான் விளங்கும்.

நொடிக்குப் பிள்ளைகளே போதும். மின்சாரம் போன இரவில் "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்று ஒன்றைத் தொடங்குங்கள். விடை நெற்பயிர். தாள் வயலோடு, வைக்கோல் மாட்டுக்கு, நெல் வீட்டுக்கு. அப்புறம் வீட்டிலுள்ள எல்லோரும் ஆளுக்கொன்று போடுவார்கள், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கலாம்.

மார்கழியில் பிள்ளையார் கதை படிக்கும் கோயில், கந்தபுராணத்தைப் படித்துப் பயன் (பொருள்) சொல்லும் கோயில், வைகாசியில் கண்ணகியைக் குளிரச் செய்யும் குளிர்த்திப் பாட்டுப் பாடும் கோயில், இவற்றில் ஒன்றாவது உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும். போய் ஒரு மூலையில் இருந்து கேளுங்கள். காலம் காலமாக இலக்கியத்தை ஊர்ச்சனம் வாசித்த முறை அதுதான்.

பதிவு செய்வதற்கு முறை ஏதும் உண்டா?

போன் போதும். காற்றாடியை நிறுத்துங்கள், கோழியை விரட்ட வேண்டியதில்லை. தொடக்கத்தில் திகதி, ஊர், சொல்பவர் பெயர், வயது, யாரிடம் கேட்டது என்பதை உங்கள் குரலில் சொல்லிவையுங்கள். பதிவு செய்யலாமா, மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டு, அவர் ஓம் சொல்வதும் பதிவில் வரட்டும். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதையை மட்டும் கேளுங்கள்.

எழுதும்போது அவர் சொன்னபடியே எழுதுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அம்மம்மா சொன்ன இராவணன் வெட்டுக் கதையை இருபத்திரண்டு வயதில் நான் எழுதிவைத்தேன். அப்போதுதான் பட்டம் முடித்திருந்தேன், நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை. அம்மம்மா, "வெட்டின வெட்டில மலை வாய் பிளந்து போச்சு, கடல் உள்ளுக்கு வந்து எட்டிப் பாத்துது" என்றார். நான் "மலை இரண்டாகப் பிளந்தது, கடல்நீர் உட்புகுந்தது" என்று எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இது நான் சொன்னதில்ல" என்றார். திரும்ப எழுதலாம் என்று இருந்தேன், எழுதவில்லை. அடுத்த மாரியில் அவர் போய்விட்டார். நாற்பது நிமிடக் கதையில் அவர் சொன்னபடி எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் என் தமிழ்.

சில கதைகளில் சாதியைத் தாழ்த்துவதும் பெண்ணை இழிவாகப் பேசுவதும் வருகிறதே. பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

எழுதிவைக்கும்போது ஒன்றையும் வெட்டாதீர்கள். பிள்ளைக்குச் சொல்லும்போது உங்கள் மனம் ஒப்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. இவை இரண்டும் வேறு வேறு வேலை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் மறைக்காமல் வாசித்துவிட்டு, "இதில் யார் பேசவே இல்லை?" என்று கேட்பேன். பிள்ளைகள் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். வாய்பேசாத அந்தப் பாத்திரம் சொல்வதுபோலக் கதையை மாற்றி எழுதச் சொல்வேன். ஆடகசவுந்தரி சொல்வதாக ஒரு மாணவி எழுதிய கதையில், அவள் குளக்கோட்டனை மணக்காமல் படையைத் திருப்பிக்கொண்டு தன் ஊருக்கே போகிறாள்.

நாங்கள் கனடாவில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது.

அப்படியானால் காதால் கொடுங்கள். ஊரிலுள்ள அம்மப்பாவை வாரம் ஒரு கதை குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். வீடியோவை விடக் குரல் நல்லது, படம் பிள்ளையின் மனதில் தானாக வரும். ஊருக்கு வரும்போது கதை நடந்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கன்னியாக் கிணற்றில் கைவிட்டுப் பார்த்த பிள்ளைக்குக் கதையை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதைகள் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் இலவசமாக இருக்கின்றன. எங்கள் கரையைப் பற்றியவை மிகக் குறைவு. அந்தத் தளத்தில் நாமே எழுதிச் சேர்க்கலாம். பிள்ளை படம் கீற, நீங்கள் கதை எழுத, ஒரு விடுமுறையில் ஒரு புத்தகம் ஆகிவிடும்.

சேகரித்ததை அச்சிடலாமா? உரிமைச் சிக்கல் வருமா?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, எழுதியவர் வாழ்ந்த காலமும் அதற்குப் பின் எழுபது வருடமும் நூலுக்கு உரிமை உண்டு. அதனால் 'மோகனாங்கி'யை மறுபதிப்புச் செய்யலாம், இராசரத்தினத்தின் கதைகளைக் குடும்பத்தாரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. நாட்டார் வழக்காறுகளுக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, ஆகவே விற்பதற்காக அச்சிடுவதென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் விசாரியுங்கள். சட்டம் எப்படியிருந்தாலும் சொன்னவரின் பெயரும் ஊரும் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

எங்கள் குடும்பம் இரண்டு தடவை இடம்பெயர்ந்தது. ஏடு, புத்தகம், கொப்பி எல்லாம் போய்விட்டன. சொல்லக்கூடியவர்களும் இல்லை. எங்களுக்கு இனி என்ன வழி?

இந்தக் கேள்வியை எழுதியவர் சம்பூர்ப் பக்கத்தவர். இங்கே போரில் ஓடாத குடும்பம் குறைவு. ஓடாதவர்களின் பெட்டகங்களையும் 2004 மார்கழியில் கடல் கொண்டுபோயிற்று. அதனால் இதை நான் இலேசாகச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் இல்லாதது பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். ஒரே கோயில் முற்றத்தில் ஒரே கதையைத்தானே கேட்டீர்கள். உங்கள் அம்மாவோடு நாற்று நட்டவர், அப்பாவோடு கூத்தாடியவர், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர், இவர்களின் பெயரைத்தான் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். உங்களுக்கு நினைவிருக்கும் அரைகுறையை, ஒரு வரியாக இருந்தாலும், கையோடு கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் மறந்துபோச்சு என்பார்கள். பிழையாக ஒரு வரி சொன்னால் போதும், உடனே திருத்துவார்கள்.

அந்தச் சம்பூர்க்காரருக்குத் தாயின் தாலாட்டில் இரண்டு வரி மட்டும் நினைவிருந்தது. அதைப் போனில் பாடி அனுப்பினார். கட்டைப்பறிச்சானில் ஒரு பாட்டியிடம் போட்டுக் காட்டினேன். "ஆர் இது, இழுவை பிழை" என்று சொல்லிவிட்டு அவர் முழுவதையும் பாடினார். பதினொரு வரி. நடுவில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மாமன்மார் பெயரைச் சொல்லும் இடம் வந்தது. பாட்டி நிறுத்தி, "அவவின்ர தம்பிமார் பேர் என்ன? கேட்டுச் சொல்லு, போட்டுப் பாடுறன்" என்றார். அன்று பின்னேரமே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.